ஒரு முறம் தவிடு

முதல் போன் வந்தபோது செல்லமுத்துவின் கையைக் கட்டிலோடு அழுத்திப் பிடித்து நரம்பு தேடிக்கொண்டிருந்தேன். நாற்பத்தெட்டு வயது ஆள். ஒரு காலத்தில் முந்திரிக் காட்டில் மூட்டை தூக்கியவர். இப்போது டம்ளரை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதித் தண்ணீர் நெஞ்சில் கொட்டிவிடும். வாசல் தூணிலிருந்து கொல்லைக் கக்கூஸ் வரைக்கும் இடுப்பு உயரத்தில் ஒரு கயிறு கட்டியிருக்கிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டுதான் போய்வருவார். அவருடைய தாத்தா இப்படித்தான் போனார், அப்பா இப்படித்தான் போனார், அண்ணனும் இப்படித்தான் போனார். ஆண்டிமடத்துக்குத் தெற்கே உள்ள ஊர்களில் இதற்குக் கால்பின்னல் என்று பேர்.

போனில் பூவிழி. சென்னையில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் இருக்கும் பெண். நான் இங்கே எடுத்து அனுப்புகிற ரத்தத்திலிருந்து மரபணுவைப் பிரித்துப் பார்ப்பது அவள் வேலை. தயங்கித் தயங்கிப் பேசினாள். சி-19 என்று எழுதிய குழாயில் எண் இடிக்கிறதாம். வேறு யாருடைய ரத்தத்துக்கோ அந்த லேபிளை ஒட்டிவிட்டேனா என்று கொஞ்சம் பார்க்கச் சொன்னாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. பதினோரு வருடமாக லேப் டெக்னீசியன் நான். லேபிள் ஒட்டிய பிறகுதான் ஊசியே குத்துவேன். என் தலையெழுத்து மாறினாலும் நான் எழுதிய லேபிள் மாறாது என்று அவளிடம் சொன்னேன். நல்லவேளை, அதோடு வாயை மூடிக்கொண்டேன். ஏனென்றால் சி-19 யாருடைய ரத்தம் என்பது அவளுக்குத் தெரியாது. ஆய்வுக்கூடத்துக்குப் பேர் போகாது, எண் மட்டும்தான் போகும். எனக்குத் தெரியும். அது என் வீட்டுக்காரருடையது.

இந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கால்பின்னல் வந்த குடும்பங்களைத் தேடிப் போய், மூன்று தலைமுறைக்கு வம்ச மரம் வரைந்து, ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்ப வேண்டும். அந்த நோய்க்கான மரபணுவில் மூன்றெழுத்து வரிசை ஒன்று திரும்பத் திரும்ப வரும். எல்லாருக்கும் உண்டு. முப்பத்தாறு தடவைக்குள் இருந்தால் பயமில்லை. நாற்பதைத் தாண்டினால் அந்த மரபணு உண்டாக்குகிற புரதத்துக்கு வால் நீண்டுவிடும். நூல்கண்டில் நுனி தொங்கினால் சிக்கு விழுமே, அப்படி ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு சிறுமூளை உயிரணுக்களுக்குள் தேங்கும். உயிரணு சாகும். கால் பின்னும், நாக்கு குழறும், விழுங்க முடியாமல் போகும். மருந்து இன்னும் கிடையாது. அதற்குத்தான் ஆராய்ச்சி என்கிறார்கள்.

நோய்க் குடும்பங்களின் குழாய்களுக்கு 'பி' வரிசை. ஒத்துப் பார்ப்பதற்கு நோயே இல்லாத குடும்பத்து ஆட்களின் ரத்தமும் வேண்டும், அதற்கு 'சி' வரிசை. ஆண்டிமடம் பக்கத்து ஆளாகவே இருக்க வேண்டும், ஆனால் செல்லமுத்து வகையறாவோடு ரத்த சம்பந்தம் இருக்கக் கூடாது. சீக்காளி வீட்டில் கூடக் கையை நீட்டிவிடுகிறார்கள். நல்லா இருக்கிறவனிடம் ஊசியோடு போனால் கதவைச் சாத்துகிறான். இருபது பேர் தேவை, பதினெட்டோடு நின்றுவிட்டது. ஒரு நாள் சாயங்காலம் சுரங்கத்திலிருந்து வந்த என் வீட்டுக்காரரை உட்காரவைத்து ரத்தத்தை எடுத்துவிட்டேன். அவர் பேர் அறிவரசன், வயது முப்பத்தாறு. அரியலூரில் சுண்ணாம்புக்கல் டிப்பர் ஓட்டுகிறார். முடிவு தெரிய விருப்பமா என்று படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. வேண்டாம் என்று டிக் போட்டுவிட்டு, "நாந்தான் நோயில்லாதவனுக்கு சாட்சியா? காலண்டர்ல படம் போடுவியா?" என்று கேட்டார். போடுவேன், ஏப்ரல் மாதத்துக்கு என்று நானும் கிண்டலடித்தேன்.

வம்ச மரத்தை என் மாமியாரிடம் கேட்டுத்தான் வரைந்தேன். செல்லமுத்து வீட்டுக்கும் நமக்கும் ரத்த சம்பந்தம் உண்டா என்று கேட்டதற்கு, கொள்வினை கொடுப்பினைகூடக் கிடையாது என்றார். என் மாமனார் சாமிதுரை முப்பத்து நாலு வயதில் முந்திரிக் காட்டில் பாம்பு கடித்துச் செத்துப்போனவர். அவருடைய அப்பா அம்மா எண்பது வயது வரை கையூன்றாமல் நடந்தவர்கள். இவ்வளவு சுத்தமான மரத்தை நான் வேறெங்கும் வரைந்ததில்லை. பெருமையாக இருந்தது.

அதனால்தான் பூவிழி அந்த எண்ணைச் சொன்னபோது எனக்கு முதலில் மண்டையில் ஏறவேயில்லை. நாற்பத்தாறு.

"எதுக்கும் இன்னொரு தடவ எடுத்து அனுப்பிடுங்கக்கா. அந்த ஆளுகிட்ட காரணம் எதுவும் சொல்லிறாதீங்க" என்றாள் அவள்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். செல்லமுத்து என்னைப் பார்த்துச் சிரித்தார். கை காட்டி ஒரு மணி நேரமாச்சு, இன்னும் நரம்பு கிடைக்கவில்லையா என்று குழறிக் குழறிக் கேட்டார். சிரிக்கும்போது இடது பக்க உதடு மட்டும் கொஞ்சம் மேலே ஏறியது. அந்த வீட்டுக்கு ஏழெட்டுத் தடவை போயிருக்கிறேன், இதைக் கவனித்ததில்லை. என் வீட்டுக்காரரும் அப்படித்தான் சிரிப்பார். ரத்தம் எடுக்காமலே பெட்டியை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்றைக்கே வீட்டுக்காரரிடம் இரண்டாவது குழாய் ரத்தம் எடுத்தேன். முதலில் அனுப்பியது வழியில் உடைந்துவிட்டது என்று பொய் சொன்னேன். அவர் கையை நீட்டிக்கொண்டே, உன் ஆராய்ச்சிக்கு என் உடம்பில் சொட்டு ரத்தம் மிச்சம் வைப்பாயா என்றார். ஒருவேளை நிஜமாகவே லேபிளைத்தான் மாற்றி ஒட்டியிருக்கக் கூடாதா என்று அன்று மனசார வேண்டிக்கொண்டேன். என் வேலையே தப்பாக இருக்கட்டும், என்னை வேலையை விட்டுத் தூக்கினாலும் பரவாயில்லை என்று எந்தச் சாமியிடம் சொன்னேனோ தெரியாது.

பத்து நாள் ஆயிற்று முடிவு வர. அந்தப் பத்து நாளும் அவருடைய காலையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். படி இறங்கும்போது சுவரைத் தொடுகிறாரா? செருப்பை மாட்டும்போது தடுமாறுகிறாரா? ஒரு நாள் லுங்கி நுனி தடுக்கி வாசலில் லேசாகச் சாய்ந்தார். யாருக்கும் தடுக்கும். எனக்கு மட்டும் உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. என்னடி முறைக்கிறாய், புதுசாகப் பார்க்கிற மாதிரி என்று கேட்டார். வயசாகிவிட்டது உங்களுக்கு, தொப்பையைக் குறையுங்கள் என்று சொல்லி மழுப்பினேன்.

இரண்டாவது போன் வந்தது. அதே நாற்பத்தாறு. லேபிள் மாறவில்லை என்று பூவிழி மன்னிப்புக் கேட்டாள். அப்படியானால் அந்த ஆளுக்கும் நோய்க் குடும்பத்துக்கும் எங்கோ தொடர்பு இருக்க வேண்டும், மரத்தை இன்னொரு முறை கேட்டு வரையுங்கள் என்றாள். அதன் பிறகு அவள் சொன்னதுதான் என்னை அறுத்தது. அப்பா வழியாகப் போனால் இந்த எண் அப்படியே நிற்காது, பிள்ளைகளுக்குக் கூடும், கூடக்கூட இன்னும் சின்ன வயதிலேயே வரும், அந்த ஆளுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டாள்.

இருக்கிறது, ஒன்று என்றேன்.

அந்த ஒன்றின் பேர் பூங்குழலி. வயது ஒன்பது. நான்காம் வகுப்பு.

மாமியார் கொளஞ்சியம்மாள் கொல்லையில் முந்திரிக்கொட்டை காயவைத்துக்கொண்டிருந்தார். என்னோடு சரிக்குச் சரி சண்டை போடக்கூடிய பெண்மணி. எனக்கு வாய் காதுவரை என்றால் அவருக்குப் பிடரிவரை. பன்னிரண்டு வருடமாக நாங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்கள். எதிரில் போய் உட்கார்ந்து, மாமா யாருக்குப் பிறந்தவர் என்று நேரடியாகக் கேட்டேன். இப்படிக் கேட்டால் வெளக்குமாற்றைத் தூக்குவார் என்றுதான் நினைத்தேன்.

அவர் கொட்டையைத் துழாவிக்கொண்டே, அவரு தவிட்டுக்கு வாங்கின புள்ளதான என்றார். எல்லாருக்கும் தெரிந்த விஷயத்தை நான் மட்டும் தெரியாமல் கேட்பது மாதிரி.

நமக்கெல்லாம் இது கிண்டல்தானே. அடம்பிடிக்கிற பிள்ளையிடம் உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம் என்போம், அது அழும், நாம் சிரிப்போம். பூங்குழலியிடம் நானே நூறு தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் மாமியார் சொன்னது கிண்டல் இல்லை. செல்லமுத்துவின் தாத்தாவுக்குக் கால் பின்ன ஆரம்பித்த சமயத்தில், அவருக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து பிறந்து செத்தன. மூத்தவன் ஒருத்தன் மட்டும் தங்கினான், அவன்தான் செல்லமுத்துவின் அப்பா. அதற்குப் பிறகு ஒரு ஆண் பிள்ளை. வீட்டைப் பிடித்த தோஷம் இதையும் தின்றுவிடும் என்று பயந்து, சிறுவாச்சூர்க் காளி சன்னதிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். முறத்தில் பிள்ளையைக் கிடத்தி, பிள்ளை இல்லாத ஒரு தம்பதிக்கு விற்றார்கள். விலை ஒரு முறம் தவிடு. மற்ற ஊர்களில் இப்படி விற்கிற பிள்ளையை மறுநாளே திரும்ப வாங்கிக்கொள்வார்கள். இவர்கள் வாங்கவில்லை. அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறிவிட்டார்கள். அந்தப் பிள்ளைதான் என் மாமனார். செல்லமுத்து, என் வீட்டுக்காரருக்குப் பெரியப்பா மகன்.

ரத்த சம்பந்தம் இல்லை என்று ஏன் பொய் சொன்னீர்கள் என்று கத்தினேன். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

"நான் என்னா பொய் சொன்னேன்? ஆத்தா முன்னால வித்தாச்சு. தவிட்ட வாங்கி மாட்டுக்கு வச்சாச்சு. வித்துட்ட புள்ளைக்கி அந்த வூட்டு ரத்தம் எப்புடி வரும்?"

அவர் மறைக்கவில்லை. ஊரும் மறைக்கவில்லை. எங்கள் கல்யாணத்துக்கு வந்த கிழவன் கிழவி அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. ஒருத்தரும் அதைச் சொல்லத்தக்க செய்தியாகவே நினைக்கவில்லை. தெய்வத்தை ஏமாற்றலாம், எமனை ஏமாற்றலாம், தோஷத்தையும் ஏமாற்றலாம். அந்த மூன்றெழுத்துக்கு மட்டும் முறமும் தெரியாது, தவிடும் தெரியாது. பாம்பு மட்டும் கடிக்காமல் இருந்திருந்தால் என் மாமனாரும் நாற்பது வயதில் கயிறு பிடித்துத்தான் நடந்திருப்பார், நானும் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டிருக்க மாட்டேன். அந்தப் பாம்பைத் திட்டுவதா கும்பிடுவதா என்று தெரியவில்லை.

மாமியார் எனக்குக் காட்டிய ஆறுதலும் அந்தத் தவிடுதான். என் முகத்தைப் பார்த்து ஏதோ புரிந்துகொண்டவராக, பயமாக இருந்தால் வெள்ளிக்கிழமை நடை திறந்திருக்கும், பாப்பாவையும் கொண்டுபோய் யாருக்காவது தவிட்டுக்கு விற்றுவிட்டு வந்துவிடலாம், ஜெயங்கொண்டத்தில் பிள்ளை இல்லாத ஒரு வாத்தியார் வீடு இருக்கிறது, பேருக்குத்தான், பிள்ளை நம்மிடமே இருக்கட்டும் என்றார். நான் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். மூட ஜென்மம் என்றேன். உங்கள் குடும்பமே சேர்ந்து என்னைக் குழியில் தள்ளிவிட்டது என்றேன். அவர் கொட்டைகளை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பாப்பா என்று அவர் சொன்னதும் எனக்குள் ஒன்று விழித்துக்கொண்டதே, அதைச் சொல்ல வேண்டும். காலாண்டுப் பரீட்சைக்குப் பிறகு பூங்குழலியின் டீச்சர் என்னைக் கூப்பிட்டனுப்பியிருந்தார். முத்துமுத்தாக எழுதிக்கொண்டிருந்த பிள்ளை, இப்போது கோழி கிளறிய மாதிரி எழுதுகிறது, வீட்டில் கவனியுங்கள் என்றார். நான் கவனித்தேன். இரண்டு பக்கம் எழுதவைத்தேன். எழுத்து கோட்டை விட்டு ஏறியது, இறங்கியது. டிவி பார்த்துப் பார்த்துத் திமிர் ஏறிவிட்டது என்று ஸ்கேலால் விரல் முட்டியில் போட்டேன். நேராத்தாம்மா எழுதுறேன், அதுவா போவுது என்று அழுதாள். வாய்க்கொழுப்பு என்று இன்னும் ஒன்று போட்டேன்.

அதை நினைத்தால் இன்றைக்கும் என் கையை வெட்டிப் போடலாம் என்று வருகிறது.

ஆனால் பிள்ளைகளின் எழுத்து கெடுவதற்கு ஆயிரம் காரணம் உண்டு. கண் பார்வையாக இருக்கலாம். பக்கத்தில் உட்காரும் பிள்ளையாக இருக்கலாம். அப்பாவிடமிருந்து பிள்ளைக்குப் போக நூற்றுக்கு ஐம்பதுதான் வாய்ப்பு, காசைச் சுண்டுகிற மாதிரி. பாதி வாய்ப்பு நம் பக்கம். நான் ஊர் ஊராகப் போய் எத்தனை தாய்மார்களிடம் இதையே சொல்லியிருக்கிறேன். பாதி உங்கள் பக்கம் அம்மா, தைரியமாக இருங்கள் என்று முதுகைத் தட்டியிருக்கிறேன். அவர்கள் ஏன் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள் என்று இப்போதுதான் தெரிகிறது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள்.

பதினெட்டு வயதாகாத பிள்ளைக்கு இந்தச் சோதனை செய்யக் கூடாது என்பது விதி. நல்ல விதிதான். மருந்தில்லாத நோயைப் பிள்ளை தலையில் எழுதிவைத்து என்ன பயன் என்று பயிற்சியில் சொன்னபோது, எல்லாருக்கும் முன்னால் கையைத் தூக்கி ஆமோதித்தவள் நான்தான். பெரியவர்களுக்கும் அவர்களே கேட்டால்தான் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் வேண்டாம் என்று டிக் போட்டிருக்கிறார். அவரிடமும் வாயைத் திறக்க முடியாது. விதி பாதி, என் கோழைத்தனம் பாதி. தினமும் அந்த மனுசன் முப்பது டன் கல்லை ஏற்றிக்கொண்டு சுரங்கத்துப் பள்ளத்தில் வளைந்து வளைந்து ஏறுகிறார். நான் சோறு கட்டிக் கொடுத்து அனுப்புகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சைக்கிள் ஓட்டக் கற்றுத் தருகிறேன் என்று பாப்பாவை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனார். முந்தின வருடமே ஓட்டக் கற்றுக்கொண்ட பிள்ளை அவள். இப்போது மறந்துவிட்டாளாம். இரண்டு முழங்காலிலும் தோல் உரிந்து வந்து நின்றாள். சைக்கிளை யாராவது மறப்பார்களா என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் புண்ணைக் கழுவி மருந்து போட்டேன். அப்போதே முடிவு பண்ணிவிட்டேன்.

மறுநாள் மாமியார் நூறுநாள் வேலைக்கும் அவர் சுரங்கத்துக்கும் போனபிறகு, பள்ளிக்கூடத்தில் இரும்புச்சத்து சோதனை கேட்கிறார்கள் என்று சொல்லி பாப்பாவிடம் ரத்தம் எடுத்தேன். பத்து வயதுக்குள் இருக்கிற பிள்ளைகளுக்கு நரம்பு கிடைப்பது கஷ்டம். எனக்கு முதல் குத்திலேயே கிடைத்தது. அவள் அழவில்லை. எடுத்த இடத்தில் பஞ்சை அமுக்கிக்கொண்டு, எனக்கு இரும்புச்சத்து ஏறினா எழுத்து நேரா வருமாம்மா என்று கேட்டாள். வரும் என்றேன்.

பிறகு உட்கார்ந்து படிவம் எழுதினேன். பி-63. ஆண். வயது நாற்பத்திரண்டு. அரும்பாவூர்ப் பக்கம் ஒரு கிராமம். நடை சீர், பேச்சு சீர். தகப்பன் குழாய் எண் தெரியவில்லை, தாய் தெரியவில்லை. கீழே மாதிரி எடுத்தவர் என்ற இடத்தில் என் பேரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பதினோரு வருடத்தில் நான் எழுதிய முதல் பொய்ப் படிவம். குழாயை ஐஸ் பெட்டியில் மற்றக் குழாய்களோடு செருகி பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் கூரியர்க்காரரிடம் கொடுத்தேன். பத்திரம், சாயாமல் வையுங்கள் என்று மூன்று தடவை சொன்னேன். எப்போதும் சொல்றதுதானேங்க என்றார் அவர்.

அந்த மூன்று வாரத்தில் எனக்குள் இரண்டு பேர் குடியிருந்தார்கள். ஒருத்தி, எண் முப்பதுக்குள் வரும், வந்ததும் அவரிடம் மெதுவாகப் பேசலாம், டிப்பர் வேலையை விட்டுவிட்டு ஏதாவது கடை வைக்கலாம், பிள்ளை தப்பித்தால் போதும் என்று கணக்குப் போட்டாள். இன்னொருத்தி பேசவே இல்லை. பிள்ளை சோற்றைப் பிசையும்போது விரலைப் பார்ப்பாள், மாடிப்படி ஏறும்போது குதிகாலைப் பார்ப்பாள்.

இடையில் ஒரு வெள்ளிக்கிழமை நான் களப்பணி முடிந்து திரும்பியபோது, வீட்டில் பாப்பாவும் இல்லை, மாமியாரும் இல்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தார்கள். பிள்ளையின் நெற்றி நிறையக் குங்குமம், பாவாடையெல்லாம் தவிடு. அப்பாயி என்னை முறத்துல உக்கார வச்சாங்கம்மா, முறமே உடஞ்சிபோச்சு என்று சிரித்துச் சிரித்துச் சொன்னாள். மாமியார் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. திட்டுவேன் என்று காத்திருந்தார். நான் திட்டவில்லை. ஒன்று சொல்லட்டுமா, எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. படித்தவள் நான், மரபணு தெரிந்தவள் நான், அந்தப் பாவாடையைத் துவைக்காமல் இரண்டு நாள் கொடியிலேயே போட்டு வைத்திருந்தேன்.

மூன்றாவது போன் ஒரு புதன்கிழமை சாயங்காலம் வந்தது. பாப்பா அப்போதுதான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, உள்ளே மாமியாரிடம் தோசை கேட்டுக்கொண்டிருந்தாள். நான் வாசலுக்குப் போய் எடுத்தேன். பூவிழியின் குரலில் ஒரு பரபரப்பு. அக்கா, பி-63 பார்த்தேன், மூணு தடவ மெஷின்ல ஓட்டிப் பார்த்தேன், நம்ம ஆய்விலேயே இதுதான் பெரிசு என்றாள். எவ்வளவு என்று கேட்டேனா இல்லையா என்று நினைவில்லை. அவளே சொன்னாள். எழுபத்தொன்று.

முருங்கை மரத்தைப் பிடித்துக்கொண்டேன். அவள் நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனாள், பாவம், அவளுக்கென்ன தெரியும். படிவத்தில் ஏதோ தப்பு இருக்கிறது என்றாள். வயது நாற்பத்திரண்டு என்று இருக்கிறது, நடை சீர் என்று இருக்கிறது, இந்த எண்ணோடு ஒரு ஆள் நாற்பத்திரண்டு வயது வரை உயிரோடு இருக்கவே முடியாது. பத்து வயதுக்கு முன்னாலேயே ஆரம்பித்துவிடும், இருபதைத் தாண்டுவது கஷ்டம்.

"வயசு மாத்தி எழுதிட்டீங்களாக்கா?"

"ஆமா."

"சரியான வயசு சொல்லுங்க, நான் இங்கயே திருத்திக்கிறேன்."

"ஒம்பது."

உள்ளே தோசைக்கல்லில் எண்ணெய் சுர்ரென்று பொரிவது எனக்குக் கேட்டது. பிள்ளைக்கு எப்படி ரத்தம் எடுத்தீர்கள், விதி இருக்கிறதே, யார் ஒப்புதல் கொடுத்தது என்று பூவிழி மெல்ல ஆரம்பித்தாள். நான் குறுக்கே பேசினேன். எனக்கு நின்றுவிட்டால் மறுபடி பேச வராது என்று தெரிந்தது.

"ஆம்பளன்னு போட்டுருக்கேன், அதுவும் தப்பு. பொண்ணு. எழுதிக்க."

"எழுதிக்கிட்டேங்கக்கா."

"தகப்பன் எண் தெரியலன்னு இருக்கும். சி-19 போட்டுக்க."

தாய்க் கட்டத்திலும் தெரியவில்லை என்றுதானே இருக்கிறது அக்கா என்றாள்.

"கீழ மாதிரி எடுத்தவர்னு ஒரு பேர் இருக்கு பாரு, பூவிழி. அந்தப் பேரையே அங்கயும் எழுதிக்க."